வாசகர் கேள்வி – பதில்: உரிமையாக வரும் உதவியும் திட்டமாக வரும் உதவியும்

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே செவித்திறன் இல்லை. வரும் ஜூனில் பள்ளிப் படிப்பை முடித்து, வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் சேர இருக்கிறாள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பணத்தை மாநில அரசு குறைக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிடுவார்களா, அல்லது அந்தச் செலவை எங்கள் தலையில் கட்டுவார்களா?
– ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: இரண்டுக்குமே சட்டம் இடம் தராது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மத்திய அரசுச் சட்டங்கள். மற்ற மாணவர்களைப் போல உங்கள் மகளும் பாடத்தைப் புரிந்துகொள்ள வழி செய்ய வேண்டிய கடமையை அவை கல்லூரியின்மீது சுமத்துகின்றன. கலிபோர்னியா அரசு டி.எஸ்.பி.எஸ். (மாற்றுத்திறனாளி மாணவர் திட்டங்களும் சேவைகளும்) என்ற பெயரில் கல்லூரிகளுக்குத் தரும் பணம், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, அந்தக் கடமையால் ஏற்படும் கூடுதல் செலவை ஈடுகட்டத் தொடங்கப்பட்டது. பணம் குறைந்தால் கடமை குறைவதில்லை. கல்லூரி தன் பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும். மாணவரிடம் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது.

ஆனால் உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009–10 நிதியாண்டில் இந்த ஒதுக்கீடு சுமார் 11.5 கோடி டாலரிலிருந்து சுமார் 6.9 கோடி டாலராக வெட்டப்பட்டபோது, நான் ஒரு கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையற்ற மாணவர் ஒருவருக்காகப் புள்ளியியல் பாடநூலின் முதுகை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்த சூத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி, அவருடைய திரைவாசிப்பு மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றுவது என் வேலை. முன்பு மூன்று பேர் செய்த வேலைக்கு நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன். நான்காம் அத்தியாயத்தை அவர் கையில் கொடுத்த வாரம், வகுப்பு ஏழாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டிருந்தது. எந்த உதவியும் மறுக்கப்படவில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. வெட்டு இப்படித் தாமதத்தின் உருவில்தான் வந்து சேரும்.

சைகை மொழிபெயர்ப்புக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நீண்ட வகுப்புக்கு இருவர் தேவை. ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கையும் மூளையும் களைத்து மொழிபெயர்ப்பின் தரம் இறங்கிவிடும். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் இவர்களை முன்கூட்டியே பதிவு செய்யாத கல்லூரிக்குப் பருவத்தின் முதல் வாரத்தில் ஆள் கிடைப்பது கடினம். எனவே உங்கள் மகள் எந்தெந்தப் பாடங்கள் எடுக்கிறாள் என்பதை அலுவலகத்துக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாளோ அவ்வளவு நல்லது. இன்னொன்று: மாநில ஆளுநர் ஜனவரியில் வெளியிடும் பட்ஜெட் ஒரு முன்மொழிவு மட்டுமே, மே மாதம் அது திருத்தப்படும், சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்றுவதுதான் கணக்கு.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜில் வறிய மாணவர்களுக்கான இ.ஓ.பி.எஸ். திட்டத்துக்கு விண்ணப்பித்த என் அண்ணன் மகனுக்கு, எல்லாத் தகுதியும் இருந்தும், ‘இந்தப் பருவத்துக்கு இடம் நிரம்பிவிட்டது’ என்று பதில் வந்திருக்கிறது. தகுதி உள்ளவனை எப்படி மறுக்கலாம்?
– ஒரு வாசகர், சாக்ரமெண்டோ

பதில்: முந்தைய வாசகியின் மகளுக்கு உள்ள உரிமை உங்கள் அண்ணன் மகனுக்கு இல்லை என்பதுதான் கசப்பான பதில். 1969இல் மாநிலச் சட்டத்தால் உருவான இ.ஓ.பி.எஸ்., வறுமையாலும் பள்ளிக்கல்வியில் ஏற்பட்ட பின்னடைவாலும் கல்லூரியில் தடுமாறக்கூடிய மாணவர்களுக்கானது. கட்டண விலக்குக்குத் தகுதி, பொதுவாக 12 யூனிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) முழுநேரப் படிப்பு, ஏற்கெனவே முடித்த யூனிட்டுகள் 70ஐ எட்டாதிருத்தல் ஆகியவை முக்கிய நிபந்தனைகள். சேர்ந்தவர்களுக்குப் பாடநூல் உதவி, பாடப்பதிவில் முன்னுரிமை, பருவத்துக்கு மூன்று முறை ஆலோசகருடன் கட்டாயச் சந்திப்பு ஆகியவை கிடைக்கும். அந்த மூன்றாவதைப் பையன்கள் தொல்லை என்பார்கள். என் அனுபவத்தில் அவர்களைப் படிப்பில் தக்கவைத்தது அதுதான். ‘இந்த வகுப்பை விட்டுவிடாதே, அடுத்த வாரம் ஆசிரியரைப் போய்ப் பார்’ என்று சொல்ல, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இத்தனை இருந்தும், இதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்த மத்திய அரசுச் சட்டமும் சொல்லவில்லை. ஒதுக்கீடு எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேருக்குத்தான் கதவு திறக்கும். 2009–10இல் இதுவும் ஏறக்குறைய 40 சதவீதம் வெட்டப்பட்டது. பழைய அளவை ஒட்டி வர 2015–16 வரை ஆயிற்று. டி.எஸ்.பி.எஸ்.ஸில் பற்றாக்குறையைக் கல்லூரி சுமந்தது, இ.ஓ.பி.எஸ்.ஸில் வாசலில் நின்ற மாணவர் சுமந்தார். உங்கள் அண்ணன் மகனுக்கு நான் சொல்வது, காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே மறுபடி அனுப்ப வேண்டும் என்பதுதான். அதற்குள் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கிவிட வேண்டாம்.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊர் பாலிடெக்னிக் போன்றதா? அரசு இப்படித் தனித்தனித் தலைப்பில் பணம் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, மொத்தமாகக் கொடுத்துவிட்டால் நிர்வாகமே தேவையறிந்து செலவிடாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முழுக்க அப்படி இல்லை. தொழிற்படிப்பும் உண்டு, இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரிகள் 116 இருக்கின்றன. மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். நுழைவுத் தேர்வு கிடையாது. யாரையும் திருப்பி அனுப்பாத இடம் என்பதால்தான் உதவி தேவைப்படும் மாணவர்கள் இங்கே அதிகமாக வருகிறார்கள்.

மொத்தமாகக் கொடுக்கலாம் என்ற வாதம் அங்கும் பழையது. 2009இல் வெட்டு விழுந்தபோது, பல தனி ஒதுக்கீடுகளை வேறு செலவுக்குத் திருப்பிக்கொள்ளச் சட்டமன்றம் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. டி.எஸ்.பி.எஸ்., இ.ஓ.பி.எஸ். இரண்டையும் அந்த அனுமதிக்கு வெளியே வைத்தது; அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிர்வாகிகள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. நூறு பேர் காத்திருக்கும் வகுப்புக்கு ஆசிரியரை நியமிப்பதா, பத்துப் பேருக்கான ஆலோசகரை வைத்துக்கொள்வதா என்று வந்தால், எந்த நிர்வாகியின் கையும் நூறு பேர் பக்கமே போகும்.

2018–19 முதல் கல்லூரிகளின் பொது நிதியிலேயே ஒரு பங்கை, ஏறக்குறைய 20 சதவீதத்தை, குறைந்த வருமான மாணவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பங்கிடும் புதிய சூத்திரம் வந்திருக்கிறது. ஏழை மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு இதனால் வருவாய் கூடும், வரவேற்கலாம். ஆயினும் அவர்களை எண்ணி வாங்கிய பணத்தை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சூத்திரத்தில் இல்லை. ஆகவே அது தனி ஒதுக்கீட்டுக்கு மாற்று ஆகாது.

கேள்வி: கற்றல் குறைபாடுள்ள என் மகனுக்குப் பள்ளியில் ஐ.இ.பி. என்ற தனிப்பட்ட கல்வித் திட்டம் இருந்தது, எல்லாக் கூட்டங்களுக்கும் நானே போனேன். கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: நீங்கள் பார்க்க வேண்டியதில்லை, அவர்தான் பார்க்க வேண்டும். ஐ.இ.பி. பள்ளியோடு முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வந்து உதவியது. கல்லூரியில் மாணவரே ‘எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது’ என்று அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வேலை தொடங்கும். பழைய ஐ.இ.பி. நகலைச் சான்றாக எடுத்துச் செல்லலாம். தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம் போன்ற ஏற்பாடுகள் முடிவானதும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போகும். அதில் ஏற்பாடு இருக்குமே தவிரக் குறைபாட்டின் பெயர் இருக்காது. மகனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அலுவலகம் பொதுவாக உங்களிடம் அவருடைய விவரங்களைப் பேசாது. இதைக் கேட்டுக் கோபப்பட்டுக் கத்திய அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதத்திலேயே அவரை ஒருமுறை அங்கே போய் வரச் சொல்லுங்கள். பதிவு முடிந்தவர்களுக்குப் பாடத்தேர்வில் முன்னுரிமை உண்டு. ஆகஸ்டில் போனால் அந்த வரிசை ஏற்கெனவே நகர்ந்திருக்கும்.