புது ஸ்பீக்கரை 200 மணி நேரம் ஓட்டிப் பழக்க வேண்டுமா? அதோடு சப்வூஃபரை எப்படிச் சேர்ப்பது?

கேட்டவர் தந்த விவரம்: புதுச்சேரியில் 14க்கு 11 அடி அறை, 10 அடி உயரம். 5 அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி, 10 அங்குல சப் (சப்வூஃபர், கீழ்ச்சத்தத்துக்கான தனிப் பெட்டி), சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). பேஸ் என்ற கீழ்ச்சத்தம் குடத்துக்குள் அடிப்பதுபோல முழங்குகிறது. 200 மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

சரியாகாது. அந்த முழக்கம் அறையிலிருந்து வருகிறது, ஸ்பீக்கரின் புதுமையிலிருந்து அல்ல.

பழக்குவதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. கோன் என்ற கூம்பைத் தாங்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் விளிம்பு ரப்பரும் புதிதில் சற்று விறைப்பாக இருக்கும். ஓட ஓட இளகும், டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) தானாக அதிரும் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும். இதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் விறைப்பு மாறாது என்பதால், காதுக்கு வரும் வித்தியாசம் அதைவிடக் குறைவு. மூன்று வாரம் கழித்து ஒலி "திறந்துவிட்டது" என்று தோன்றினால், அது பெரும்பாலும் உங்கள் காது பழகியதுதான். 20, 30 மணி நேரம் வழக்கமான சத்தத்தில் பாட்டுக் கேளுங்கள், போதும். வீட்டில் தொந்தரவு இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கரையும் முகத்தோடு முகம் நெருக்கி வைத்து, ஒன்றில் மட்டும் பிளஸ் மைனஸை மாற்றிக் கட்டி, மேலே ஒரு போர்வை போட்டுவிடுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுப்பதால் கீழ்ச்சத்தம் பெருமளவு அடங்கிவிடும். முடிந்ததும் வயரைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். டெஸ்ட் டோனை (ஒரே சுரம் நீளும் சோதனை ஒலி) முழு வால்யூமில் விட்டுப் பழக்குவது மட்டும் வேண்டாம். கோனை அசைக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் வெந்துபோகும். இந்த நாட்களில் உருப்படியாகச் செய்ய வேண்டியது, கரகரப்போ உரசலோ இருக்கிறதா என்று கவனித்து, மாற்றித் தரும் காலம் முடியும் முன் கடைக்குச் சொல்வது.

இனி அறை. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். அதை, மீட்டரில் எடுத்த அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை தானாக முழங்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 52, உயரத்துக்கு 57. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: திறந்த நிலையில் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். அடிக்கம்பி உங்கள் அறையின் நீளத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது! பழைய பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கும்போது ஒரு சுரம் மட்டும் வீங்கி, அடுத்தது காணாமல் போவது இதனால்தான்.

சோஃபா பின்சுவரை ஒட்டியிருந்தால் 41 உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் அது ஏறக்குறைய இல்லாமல் போகும். பின்சுவரிலிருந்து நாலரை அடி முன்னே இழுங்கள். 41 ஹெர்ட்ஸ் 5 டெசிபெல் அளவுக்கு இறங்கும். காசில்லாமல் கிடைக்கும் இந்தப் பலனை எந்த விலையுயர்ந்த கேபிளும் தராது.

சப்புக்கு இடம் தேட, அதை நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வைத்து, பேஸ் நடை தெளிவாக உள்ள பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து நடந்து, காதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் சப்பின் இடம். மூலையில் சத்தம் அதிகம் கிடைக்கும், ஆனால் அறையின் எல்லா முழக்கங்களையும் அது எழுப்பிவிடும். 11 அடிச் சுவரின் நடுவில் வைத்தால் 52 எழாது. சோஃபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கும் நல்லது. எங்கே வைத்தாலும் சுவரிலிருந்து ஓரடிக்குள் வையுங்கள். மூன்றரை அடி தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் தோண்டும்.

மழைக்காலம், ஏசி போடும் மே மாதம், கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறக்கும் சாயங்காலம், மூன்றிலும் பேஸ் வேறுவேறாக இருக்கும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையில் கதவு ஜன்னலை வைத்து அளவு பிடியுங்கள்.

இணைப்பு: உங்கள் ஆம்பில் சப்-அவுட் (சப்புக்கான வெளியீடு) இருந்தாலும் பெரும்பாலும் அது ஸ்பீக்கருக்குப் போகும் பேஸைக் குறைக்காது. எனவே சப் எந்த அதிர்வெண் வரை வாசிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் லோ-பாஸ் குமிழை, ஸ்பீக்கரின் பேஸ் தேயத் தொடங்கும் இடத்தில், 60 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். 80, 100 என்று வைத்தால் இரண்டும் ஒரே சுரத்தை வாசிக்கும், 73 ஹெர்ட்ஸ் கம்பி வீங்கும். ஸ்பீக்கரில் போர்ட் ஓட்டை இருந்தால் ஸ்பாஞ்சால் அடைத்துப் பாருங்கள். பேஸ் சீராகத் தேய்ந்து சப்போடு நன்றாக ஒட்டும். ஏவிஆர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு: ஸ்பீக்கரை ஸ்மால் என்று குறித்து, கிராஸ்ஓவரை (ஸ்பீக்கரும் சப்பும் பிரியும் அதிர்வெண்) 80இல் வைத்து, சப்பின் லோ-பாஸ் குமிழை முழுக்கத் திறந்துவிட வேண்டும்.

ஃபேஸ், அதாவது சப்பும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் தள்ளும்படி ஒத்துவைப்பது, பலரும் தொடாமல் விடும் குமிழ். சரியான நிலையைச் சத்தத்தால் பிடிப்பதைவிட மௌனத்தால் பிடிப்பது எளிது. ஆம்பை அணைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் பிளஸ் மைனஸை மாற்றிக் கட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் டோனைக் குறைவாக ஓட விட்டு, இன்னொருவரை ஃபேஸ் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் டோன் மிகவும் அடங்கும் நிலையில் நிறுத்திவிட்டு, வயரைப் பழையபடி கட்டுங்கள். இப்போது இரண்டும் சேர்ந்து தள்ளும். 0, 180 என்ற சுவிட்ச் மட்டும் இருந்தாலும் இதே முறைதான். போனில் உள்ள டெசிபெல் ஆப் கீழ்ச்சத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஒரே டோனில் முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் அதை நம்பலாம்.

கெயினை (சப்பின் சத்த அளவு) கடைசியில் தொடுங்கள். வானொலிச் செய்தி வாசிக்கும் ஆண் குரலைப் போடுங்கள். குரல் சப்பிலிருந்து வருவது தெரிந்தால் கெயினோ கிராஸ்ஓவரோ அதிகம். பாட்டில் சப் இருப்பது தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு முடி அளவு பின்னே இறக்குங்கள். முதல் இரண்டு நாள் பேஸ் குறைவாகத் தோன்றும். சப்பை அணைத்துப் பாருங்கள், என்ன போனது என்று தெரியும். பீரோ, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கம்பி எதுவும் கிடுகிடுக்கிறதா என்றும் 30 முதல் 80 வரை டோனை மெல்ல ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

50 ஹெர்ட்ஸ் "உம்ம்" கேட்டால் எர்த் பின்னை உடைக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. ஆம்பையும் சப்பையும் ஒரே போர்டில் சொருகுங்கள். பிறகு செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால் செம்பு வயரின் நுனி பச்சை பூத்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிக் கட்டுங்கள், சப் கேபிளின் ஆர்சிஏ பின்னை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அதே சமயத்தில் ஃபேஸையும் கெயினையும் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம்.