பழைய ரேஸ் சைக்கிள் பாகங்கள்: மெருகு வேண்டாம், முத்திரையைப் பாருங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணாச்சி, அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ரேஸ் சைக்கிள் மச்சில் கிடந்தது. செயினை மாற்றும் பின் கியர் கருவியான டிரெய்லியரில் 'காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட்' என்று கம்பெனி பெயரும் மாடல் பெயரும் இருக்கிறது. பஃப் வீலில் (மெருகேற்றும் சக்கரம்) போட்டுப் பளபளப்பாக்கினால் நல்ல விலை வருமா?

பஃப் வீல் பக்கமே போகாதீர்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும், மேலே உள்ள அனோடைசிங் பூச்சும் போய்விடும். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்த இரண்டுக்கும்தான். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் மெதுவாக அழுக்கை எடுங்கள். மேல் பக்கம் 'பேட்டன்ட்' என்ற சொல்லை அடுத்து இரண்டு இலக்க எண் தெரியும். 82 என்றால் 1982. அது காப்புரிமை வாங்கிய ஆண்டு இல்லை, தயாரித்த ஆண்டு. இந்த மாடல் 1967இல் வந்தது. ஆண்டு பொறிப்பது 1970இலிருந்து.

அப்புறம் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில், அச்சு முனையை இறுக்கும் லாக்நட்டையும் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் 'காம்' என்ற எழுத்துகளோடு ஆண்டு இருக்கும். டிரெய்லியர், ஹப் இரண்டின் ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், பாகங்கள் கழற்றி மாற்றப்படாமல் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று நம்பலாம். அப்படிப்பட்ட சைக்கிளைப் பிரித்து விற்காதீர்கள். அப்பாவின் சைக்கிள் வேறு, விற்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு முறை யோசியுங்கள்.

அவரே மீண்டும்: பெடலைத் தாங்கும் கிராங்கும் அதே கம்பெனிதான். அதில் என்ன பார்க்க வேண்டும்?

கீறல். செயின் பக்கத்துக் கிராங்கில், ஐந்து கை பிரியும் இடமும் நீளமான கையும் சேரும் மூலையைப் பாருங்கள். இந்தக் கிராங்குகளில் வெடிப்பு தொடங்கும் இடம் அதுதான். வெயிலில் பிடித்து, லென்ஸ் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தலைமுடி அளவு கோடு இருந்தாலும் ஓட்டக் கூடாது, காட்சிக்கு வைக்கலாம். விற்றால் கோடு இருப்பதைச் சொல்லியே விற்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன், கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் மரை அளவையும் பாருங்கள். காம்பன்யோலோவுக்கு 22 மில்லிமீட்டர், பிரான்சின் டி.ஏ. கம்பெனிக்கு 23, ஸ்ட்ராங்லைட் கம்பெனியின் பழைய கிராங்குகளுக்கு 23.35. நான் ஒரு டி.ஏ. கிராங்கை 22 புல்லரால் இழுத்து மரையை நாசமாக்கினேன். இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு கேட்காது.

குலசேகரத்திலிருந்து: ஷிமானோ 600 டிரெய்லியரின் பின்புறம் எச்.டி. என்று இரண்டே எழுத்து. என்ன அர்த்தம்?

முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 1976க்கு ஏ என்று தொடங்கி எண்ணினால் எச் 1983. டி நான்காவது மாதம். ஆக, 1983 ஏப்ரல்.

தக்கலையிலிருந்து: தாத்தாவின் ராலி சைக்கிளில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருக்கிறது. வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள்.

ஹப்பில் ஏ.டபிள்யூ. என்று இருந்தால் போகாது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஏராளமாகச் செய்த மாடல் அது. ஹப்பின் வெளிக்கூட்டில் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். 62 8 என்றால் 1962 ஆகஸ்ட். ஆனால் ஓட்டுவதற்கு அருமையான ஹப், சின்ன மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் விட்டால் போதும், இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும். யாராவது பெரிய விலை சொன்னால், விற்ற விலையா, கேட்கும் விலையா என்று கேளுங்கள். விற்று முடிந்த விலைதான் விலை.

குளச்சலிலிருந்து: வீடு கடலுக்குப் பக்கம். வாங்கி வைத்த பாகங்கள் ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டன. சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் ஃபிரேமில் இறுகிவிட்டது.

உப்புக் காற்றுதான். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்து, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து ஊதிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடிக்காதீர்கள். துருநீக்கி எண்ணெயைத் தினமும் விட்டு, ஒரு வாரம் பொறுத்து, மெதுவாகத் திருகிப் பாருங்கள். வெளியே வந்ததும் கிரீஸ் தடவாமல் திரும்பச் செருகவே கூடாது.

மற்றப் பாகங்களை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டின்னில் வையுங்கள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் ஆனியில் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை திறந்து பொட்டலத்தை மாற்றுங்கள். புரூக்ஸ் தோல் சீட் இருந்தால் அதை டின்னில் அடைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான உள்ளறையில் தொங்கவிடுங்கள்.