பணம் போட்டவ கேள்வி கேக்கக்கூடாதா?

கேள்வி: திருப்பூர்ல 17 வருஷம் பனியன் கம்பெனி நடத்துனேன், போன வருஷம் ஒரு பெரிய குரூப்புக்கு வித்துட்டேன். சும்மா இருக்க முடியல. பேங்கும் கண்டுக்காத, சென்னை இன்வெஸ்டர்களும் கண்டுக்காத ஆளுங்களுக்குப் பணம் போடலாம்னு ஆசை. எங்கிட்ட செக்கிங்ல இருந்த பொண்ணு தாராபுரம் பக்கம் துணி நாப்கின் யூனிட் போட்டிருக்கு, 12 லட்சம் கொடுத்தேன், எழுத்து எதுவும் போடல. நான் போய் லைனைப் பார்த்து ரெண்டு வார்த்தை சொன்னா முகம் சுருங்குது. பணம் போட்டவ கேக்கக்கூடாதா? இன்னொரு பையன், பட்டியல் சமூகம், பீஸ் ரேட் (ஒரு பீஸ் தைச்சா இவ்வளவுன்ற கூலி) கணக்குப் பார்க்க ஆப் செஞ்சிருக்கான், ஜாமீன் போட ஆள் இல்லன்னு வந்து நிக்கிறான். வீட்டுக்காரர் பேசாம சைட் வாங்குன்றார். (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

கேக்கலாம் அக்கா, ஆனா லைன்ல நின்னு கேக்கக்கூடாது. மருமக சமையக்கட்டுல மாமியார் ஸ்டூல் போட்டு உக்காந்த மாதிரி ஆயிடும். நீங்க சொல்ற ரெண்டு வார்த்தை கரெக்டாத்தான் இருக்கும், 17 வருஷம் பார்த்தவங்க, ஆனா டெய்லருங்க முன்னாடி நீங்க ஒரு தையலைப் பிரிக்கச் சொன்னீங்கன்னா அன்னையிலருந்து அவங்களுக்கு முதலாளி நீங்கதான், அந்தப் பொண்ணு மறுபடியும் உங்க செக்கிங் ஆளா ஆயிடுது, அடுத்து கூலி தகராறு வந்தா போன் உங்களுக்குத்தான் வரும்.

மாசம் ஒரு நாள் உக்காந்து பேசுங்க, யூனிட்ல வேணாம், உங்க வீட்லயே வரச் சொல்லுங்க. எவ்வளவுக்கு பில் போட்டிருக்கு, அதுல கைக்கு வந்தது எவ்வளவு, யார் எத்தன நாளா பாக்கி வச்சிருக்காங்க, சனிக்கிழமை சம்பளத்துக்கு இன்னும் எத்தன வாரம் தாங்கும். இவ்வளவுதான். பதில் தடுமாறுச்சுன்னா அங்க நல்லாக் குடைஞ்சு கேளுங்க, அது உங்க உரிமை.

நீங்க போற ரூட்ல முன்னாடி போனவங்கள்ல எனக்குத் தோணுற ஆள், அமெரிக்காக்காரர் மிச் கேப்பர். 1982ல லோட்டஸ் கம்பெனிய ஆரம்பிச்சு, கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற சாஃப்ட்வேர் வித்து பெரிய ஆளாகி, 1986லயே வெளிய வந்துட்டாரு. அப்புறம் அவரும் மனைவி ஃப்ரீடா கேப்பர் க்ளைனும் ஓக்லாந்துல உக்காந்துகிட்டு, கறுப்பின, லத்தீன் ஃபவுண்டர்கள், ஏழைபாழைங்களுக்கு உபயோகமான தொழில்னு தேடிப் பணம் போட்டாங்க. டாக்ஸி ஆப் கம்பெனி ஊபர்லயும் ஆரம்பத்துலயே போட்டவங்கதான். 2017ல அங்க வேலை பார்த்த ஒரு பெண் இன்ஜினியர் தனக்கு நடந்த தொந்தரவை வெளிய சொன்னப்ப ரெண்டு பேரும் ஊபர் போர்டுக்கும் மத்த முதலீட்டாளர்களுக்கும் பகிரங்கமா லெட்டர் எழுதுனாங்க. கார் எப்படி ஓடணும்னு சொல்றதுக்கு இல்ல, கம்பெனி ஆளுங்கள எப்படி நடத்துதுன்னு கேக்கறதுக்கு. நீங்க வாயத் திறக்க வேண்டிய இடம் அந்த மாதிரி இடம்தான்.

சரி, கண்டுக்காத ஆளுங்கன்னு எழுதிருக்கீங்க. ஏன் கண்டுக்கலன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாருங்க. உங்க ஊர் எப்படி வளர்ந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், டெய்லரா இருந்தவரெல்லாம் முதலாளி ஆன ஊரு, ஆனா அதுக்குப் பின்னாடி மாமன் மச்சான் ஜாமீன், சொந்தக்காரங்க சீட்டு, ஒரே சாதிக்காரன் கொடுத்த கடன் சரக்குன்னு ஒரு வட்டம் இருந்துச்சு, அந்த வட்டத்துக்கு வெளிய இருந்தவன் அதே திறமையோட மிஷின்லயே உக்காந்திருந்தான். அந்தப் பையன் கேஸ் அதுதான். நாப்கின் பொண்ணு கேஸ் அது இல்ல. துணி நாப்கின் நல்ல தொழில்தான், மெதுவாத்தான் வளரும், ஒரு தடவ வாங்கினவங்க சீக்கிரம் திரும்ப வாங்கமாட்டாங்க, பத்து மடங்கு எதிர்பார்க்கறவங்க ஒதுங்குனதுல தப்பே இல்ல, கணக்கு அப்படி.

அதனால அந்தப் பொண்ணுகிட்ட பங்கு வாங்காதீங்க. யூனிட் ஒருத்தர் பேர்லயே நடக்கிற ப்ரொப்ரைட்டர்ஷிப்பா இருந்தா பங்குன்னு ஒண்ணே கிடையாது, கம்பெனியா மாத்தி வாங்குனாலும் நாளைக்கு அந்தப் பங்க உங்ககிட்டருந்து யார் வாங்குவா? கடன்னே எழுதிக்கோங்க, வட்டி எவ்வளவு, முதல் ஆறு மாசம் அசல் வேணாம், அப்புறம் மாசம் இவ்வளவுன்னு தெளிவா. 12 லட்சத்த ரொக்கமா கொடுத்திருந்தா உடனே ஒரு ஆடிட்டரப் பாருங்க, 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கடன ரொக்கமா வாங்கக்கூடாது, மாட்டுனா வாங்குனவங்களுக்கு அதே தொகை அபராதமா வரலாம், உங்க நல்ல மனசு அந்தப் பொண்ணு தலையில விடிஞ்சிரும். இன்னொண்ணு, சிறுதொழில் கடன் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லிருக்கு, ஆனாலும் பிராஞ்ச்ல கேப்பாங்க. அந்தப் பொண்ணோட ஒரு தடவ நீங்க பேங்குக்குப் போய் மேனேஜர் முன்னாடி உக்காருங்க. உங்க 12 லட்சத்த விட அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

பையனுக்கு பங்கு சரி. பீஸ் ரேட் கணக்குல எங்க சண்டை வரும், கான்ட்ராக்டர் எந்த இடத்துல கை வைப்பாருன்னு சென்னையில ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவருக்குப் புரியாது, உங்களுக்கு ஆப்பைத் திறந்த அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். பிரைவேட் லிமிடெட்டா பதிவு பண்ணி, மத்திய அரசோட ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் வாங்கச் சொல்லுங்க. வெளி ஆள் அந்த மாதிரி கம்பெனிக்கு சும்மா கடன் கொடுத்தா, கம்பெனி வெளியாள்கிட்ட டெபாசிட் வாங்குன கணக்கா ஆகி பிரச்சனையாகும், கன்வர்ட்டிபிள் நோட்டா (இப்ப கடன், பின்னாடி பங்கா மாத்திக்கலாம்) போடலாம்னா ஒரே தவணையில குறைஞ்சது 25 லட்சம் வேணும், அவ்வளவு இல்லன்னா நேரா பங்குதான். முன்னாடி, பங்கோட மதிப்ப விட அதிகமா வந்த பணத்துக்கு கம்பெனிகிட்ட வரி கேக்கற ஏஞ்சல் டாக்ஸ்னு ஒரு தலைவலி இருந்துச்சு, 2024 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க. தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன்ல பட்டியல் சமூகத்துக்கும் பழங்குடியினருக்கும்னே ஒரு ஃபண்ட் இருக்கு, 2022-23 பட்ஜெட்ல 30 கோடியோட அறிவிச்சது, அங்கயும் அப்ளை பண்ணச் சொல்லுங்க. ஆனா ஜாமீன் போட ஆள் இல்லன்னு வந்தவன்கிட்ட பாதி கம்பெனிய எழுதி வாங்கிடாதீங்க, அப்படி வாங்குனா நீங்களும் அந்த வட்டத்து ஆள்தான். நான்னா 10, 15 பர்சென்ட்டுக்கு மேல போகமாட்டேன்.

எல்லாத்தையும் ஒரே வருஷத்துல போட்டுடாதீங்க. அமெரிக்கால ஆர்லன் ஹாமில்டன்னு ஒருத்தங்க, தங்க வீடில்லாம இருந்தவங்க, பெண்கள், கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர்னு யாரும் பார்க்காதவங்களுக்காகவே 2015ல பேக்ஸ்டேஜ் கேப்பிடல் ஆரம்பிச்சாங்க, மூணே வருஷத்துல 100 கம்பெனில போட்டாங்க, 2018ல கறுப்பினப் பெண்களுக்குன்னு 36 மில்லியன் டாலர் ஃபண்ட் அறிவிச்சாங்க, அது திரளல, 2022ல முக்கால்வாசி ஆளுங்களைக் குறைக்கிற நிலை வந்துருச்சு. அவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இந்த மாதிரி தொழில்காரங்களுக்கு ரெண்டாவது தடவ பணம் தேவைப்படறப்ப கொடுக்க வேற ஆள் இருக்கமாட்டாங்க, முதல் ரவுண்டுல போட்ட அதே தொகைய தனியா எடுத்து வச்சிருக்கணும், அது யாருக்குன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க.

வீட்டுக்காரர் சொல்றதும் தப்பில்லக்கா. மொத்தத்துல பாதிக்கு அவர் சொல்ற சைட்டையே வாங்கிடுங்க, மீதிப் பாதியில கால்வாசிய ஏழெட்டு வருஷம் திரும்பி வராதுன்னே வச்சுகிட்டு இறங்குங்க, அந்தத் தொகை எவ்வளவுன்னு அவருக்கும் சொல்லிட்டே செய்ங்க. தாராபுரத்துக்கு இந்த மாசம் போகாதீங்க.