வெயில் பட்ட டி.என்.ஏ: நான்கு கேள்விகள்

வெயிலும் தோலும் பற்றி எழுதியதற்கு ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கேள்விகள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

முப்பது வருஷமாகக் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறேன். வெயிலில் டி.என்.ஏ கெடும் என்றால், கெட்டதை வைத்துக்கொண்டு செல் எப்படிப் பெருகுகிறது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். புறஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் (டி.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் புரதங்கள் செல்லில் உண்டு. ஆனால் இந்த ஒட்டல்களில் பாதியை நீக்கவே ஒரு நாள் ஆகலாம். டி.என்.ஏ நகலெடுப்போ சுமார் 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே சில ஒட்டல்கள் அப்படியே இருக்கும்போதே நகலெடுப்பு வந்து முட்டும்.

டி.என்.ஏவை நகலெடுக்கும் புரதங்களுக்குப் பாலிமரேஸ் என்று பேர். வழக்கமாக நகலெடுக்கும் பாலிமரேஸ் டெல்டாவும் எப்சிலானும் கறாரான ஆட்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி நிற்குமே, அப்படி நின்றுவிடும். உடனே ராட்18 என்ற புரதம், இழையை வளையமாகச் சுற்றியிருக்கும் பி.சி.என்.ஏ என்ற புரதத்தின் மீது யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை ஒட்டும். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பாலிமரேஸ் ஈட்டா வரும். நம்மூர் ஷேர் ஆட்டோ போல, லாரி போகாத இடத்திலும் போகும். ஒட்டிய இரண்டு தைமின்களும் அதன் பிடிக்குள் அடங்கும். எதிரே, தைமினுக்கு ஜோடி எழுத்தான அடினின் இரண்டைச் சரியாக வைக்கும். கொஞ்ச தூரம் போய் இறங்கிக்கொள்ளும், அப்புறம் லாரி கிளம்பும். ஒட்டல் என்ற பள்ளத்தை யாரும் மூடவில்லை, தாண்டினார்கள், அவ்வளவுதான். மூடுவது பிறகு நடக்கும்.

அவ்வளவு கெட்டிக்கார ஈட்டாவே முழுவதையும் நகலெடுக்கலாமே? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

வேண்டவே வேண்டாம்! கெடாத இழையில் அதை விட்டால் சில நூறு எழுத்துக்குள் ஒரு தப்பு விடும். எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் பழக்கமும் அதற்குக் கிடையாது.

அக்கா மகனுக்கு ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்றார்கள். ஆனால் டி.என்.ஏ பழுதுபார்ப்புச் சோதனை சரியாக இருக்கிறதாம். எதை நம்புவது? (பழைய வண்ணாரப்பேட்டை)

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். புறஊதாவால் டி.என்.ஏவுக்கு வரும் கெடுதலை உடம்பு சரியாகச் சமாளிக்க முடியாத பரம்பரை நோய் இது. இதில் எட்டு வகை. ஏ முதல் ஜி வரை ஏழில் பழுதுபார்ப்புதான் கெட்டிருக்கும். எட்டாவதான வேரியன்ட் வகையில் அது நன்றாக நடக்கும், இல்லாதது ஈட்டா. 1999இல்தான் இது தெரிந்தது. ஈட்டா இல்லாத இடத்தில் வேறு பாலிமரேஸ்கள் தப்பும் தவறுமாகத் தாண்டுவதால் மரபணு மாற்றங்கள் சேர்ந்து, தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறுகிறது. இந்த வகையினருக்கு வெயிலில் தோல் உடனே வெந்துபோவது குறைவு. "அவனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்று வெளியே விட்டுவிடாதீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புறஊதா ஏ கதிர் வரும். முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடி, தவறாமல் தோல் மருத்துவர்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும். அக்காவைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள்.

வெல்டிங் பார்த்த ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது போல எரிகிறதே? (வியாசர்பாடி)

தாங்குவதற்கும் அளவு உண்டு. வெல்டிங் சுடரின் புறஊதா மிஞ்சினால் கருவிழியின் மேல்தோல் செல்கள் செத்து உதிரும். அதற்குச் சில மணி நேரம் ஆவதால்தான் வலி ராத்திரியில் வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் புதுச் செல்கள் மூடிவிடும். பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் போங்கள். எங்கள் தெருப் பட்டறையில் மெயின் ஆள் முகக்கவசத்தோடு இருப்பார். கம்பியைப் பிடிக்கும் பையன் மட்டும் கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கும் ஒரு கவசம் வாங்குங்கள்.