ஹெச்-1பி விசாவில் இருப்பவர் நியூயார்க் கவுன்சில் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாமா?

கேள்வி: நியூயார்க் நகரின் குவீன்ஸில் இருக்கிறேன், ஹெச்-1பி வேலை விசா. மனைவி அமெரிக்கக் குடிமகள், இருவருக்கும் ஒரே ஜாயின்ட் அக்கவுண்ட். எங்கள் நண்பர் நகர கவுன்சிலுக்கு நிற்கிறார், அரசு மேட்சிங் பணம் (நன்கொடைக்கு ஏற்ப அரசு சேர்த்துத் தரும் தொகை) வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அரசுப் பணம் வாங்குபவர் தனியாரிடம் வாங்கவே கூடாது என்கிறார்களே? நான் 100 டாலர் கொடுக்கலாமா, இல்லை மனைவி பெயரில் போட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் கொடுக்கக் கூடாது, 100 டாலர் அல்ல, 1 டாலர்கூட. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் நாட்டின் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம், கவுன்சில் தேர்தலும் அதில் அடக்கம். வரி கட்டுகிறேனே என்ற வாதம் எடுபடாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் அட்டை கைக்கு வரும்வரை இதே நிலைமைதான்.

தனியாரிடம் வாங்கவே கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்டது வேறு திட்டத்தைப் பற்றி. ஜனாதிபதி பொதுத் தேர்தலில் அரசு மானியம் எடுக்கும் வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குத் தனியார் நன்கொடை வாங்க முடியாது. 2008-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் அப்படி 8 கோடியே 41 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டார், ஒபாமா வேண்டாம் என்று சொல்லி அதைவிடப் பல மடங்கு திரட்டினார், அதற்கப்புறம் பெரிய கட்சிகள் அந்தப் பக்கமே போகவில்லை. நியூயார்க் நகரத் திட்டம் நேர் எதிர், சின்ன நன்கொடை வந்தால்தான் அரசுப் பணமே வரும். நகரவாசி ஒருவர் கொடுக்கும் முதல் 175 டாலர் வரை, கவுன்சில் வேட்பாளருக்கு ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கில் நகரம் சேர்த்துத் தருகிறது. 100 கொடுத்தால் 900 ஆகிறது. அதற்குத் தகுதி பெற, தொகுதிக்குள்ளேயே 75 பேராவது தலைக்குக் குறைந்தது 10 டாலர் கொடுத்திருக்க வேண்டும், மேட்சிங்குக்குத் தகுதியான தொகை மொத்தம் 5,000 டாலரைத் தொட வேண்டும். அதனால் உங்கள் நண்பருக்கு, அதே தொகுதியில் இருந்து வரும் பத்து டாலர் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.

மனைவி தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அது அவருடைய பணமாக, அவருடைய முடிவாக இருக்க வேண்டும். அவர் சம்பளம் வரும் தனி அக்கவுண்ட் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் அவர் பெயரில் உள்ள கார்டில், படிவத்தையும் அவரே நிரப்பட்டும். நீங்கள் 100 டாலரை அவர் கையில் கொடுத்து "உன் பேரில் போடு" என்றால் அது பினாமி நன்கொடை, தனிக் குற்றம், இதில் கணவன் மனைவி என்ற சலுகை எல்லாம் கிடையாது. ஒன்றுக்கு எட்டு கிடைக்கும் இடத்தில் பினாமி நன்கொடை என்பது நகரத்தின் கஜானாவில் கை வைப்பது, அதனால்தான் தணிக்கை இத்தனை கடுமை. அன்றைய மேயர் எரிக் ஆடம்ஸ் மீது 2024 செப்டம்பரில் போடப்பட்ட வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், 2025 ஏப்ரலில் வழக்கும் தள்ளுபடி ஆனது, ஆனால் அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், நகரத்தின் பிரச்சார நிதி வாரியம் அவருக்கு மேட்சிங் பணம் தர மறுத்துவிட்டது.

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது வேறு இடத்தில். "பணம்தானே தரக் கூடாது, நோட்டீஸ் அடிக்கிற செலவை நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். அதுவும் நன்கொடைதான். நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும், பிரச்சாரம் விற்கும் டி-ஷர்ட் வாங்குவதும் அதே கணக்கு. உங்களுக்குத் திறந்திருக்கும் வழி சம்பளம் வாங்காத உழைப்பு: வீடு வீடாகப் போகலாம், போன் செய்யலாம், தமிழில் பேசி ஆதரவு கேட்கலாம். பிரச்சாரப் பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் உட்காராதீர்கள், அதற்கும் தடை இருக்கிறது.

மனைவி கவனிக்க வேண்டியவை சில. இந்தத் திட்டத்தில் சேர்ந்த கவுன்சில் வேட்பாளருக்கு ஒருவர் தரக்கூடிய உச்சம் 2025 தேர்தலில் 1,050 டாலராக இருந்தது, அடுத்த தேர்தலுக்கு மாறலாம், வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கூடாது. கம்பெனி, எல்.எல்.சி. காசோலையோ ஆபீஸ் கார்டோ அறவே கூடாது, அவர் கொடுத்த பணத்தைப் பிறகு ஆபீஸ் அவருக்குத் திருப்பித் தருவதும் கூடாது. அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் இருந்து, அவர் அங்கே உயர் பொறுப்பில் இருந்தால் உச்சம் 250 டாலர்தான், அதற்கு மேட்சிங்கும் கிடையாது. நியூ ஜெர்சியில் இருக்கும் குடிமக்களான சொந்தக்காரர்களும் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் மேட்சிங் வராது.

ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போட்டிருந்தால், "நான் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லை, திருப்பி அனுப்புங்கள்" என்று பிரச்சாரத்தின் பொருளாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.