கேம்ப் மியூரில் ஓர் இரவு: பனித்தரையில் டென்ட் நிற்குமா?

கேள்வி: சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். ஜூலைக் கடைசியில் நானும் தம்பியும் ரெய்னியர் மலையின் கேம்ப் மியூரில் ஓர் இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். மலையேறிப் பழக்கம் உண்டு, பனியில் படுத்ததில்லை. டென்ட் முளை பனியில் நிற்குமா? குளிர் தாங்க முடியுமா?

பதில்: முளை நிற்காது. அடிக்கும்போது சிக்கென்று இறங்கும். வெயில் ஏறியதும் சுற்றியுள்ள பனி இளகி, இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். அதனால் அடிக்காதீர்கள், புதையுங்கள். சின்னத் துணிப்பையில் பனியை அடைத்து, டென்ட் கயிற்றை அதில் கட்டி, ஓரடி ஆழக் குழியில் போட்டு மூடி நன்றாக மிதியுங்கள். உடனே கயிற்றை முறுக்காதீர்கள். அரைமணி நேரம் விட்டால் மிதித்த பனி கல்லாக இறுகிவிடும், காற்றுக்கும் அசையாது. காலையில் தோண்டியெடுக்கச் சிறிய பனிவாரி அவசியம்.

அங்கே சுமார் 25 பேர் படுக்கக்கூடிய பொதுக் கல்குடில் ஒன்று உண்டு. முந்தியவருக்கே இடம் என்பதால் அதை நம்பி டென்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவு தங்கப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

குளிரைத் தாங்கலாம். ஜூலையிலும் இரவு உறைநிலைக்குக் கீழே போகலாம், ஆனால் உங்களை உறங்கவிடாதது காற்றைவிட அடியில் இருக்கும் தரைதான். விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு மெல்லிய விரிப்பில் படுப்பவர்கள்தான் விடியவிடிய நடுங்குகிறார்கள். கீழே ஃபோம் பாய், அதன்மேல் காற்றடைத்த மெத்தை என இரண்டாக விரியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: வழி. பாதை தொடங்கும் பாரடைஸ் என்ற இடத்தில் 1,646 மீட்டரில் தொடங்கி 3,105 மீட்டருக்கு ஏறுகிறீர்கள். அதில் மேல்பாதி மியூர் பனிவெளி. மரமோ பாதையோ கிடையாது. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், இறங்குபவர்கள் தெரியாமலே ஒருபக்கம் ஒதுங்கி நிஸ்குவாலி பனியாற்றுச் சரிவுக்கோ, மறுபக்கம் பாரடைஸ் பனியாற்றுக்கோ போய்விடுவார்கள். உயிர்ச் சேதமே நடந்திருக்கிறது. பிறர் காலடித் தடத்தை நம்பாதீர்கள், அவரும் வழி தவறியவராக இருக்கலாம். ஏறும்போதே ஜிபிஎஸ்ஸில் உங்கள் தடத்தைப் பதிவு செய்யுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் போனைச் சட்டைக்குள் வையுங்கள், திசைகாட்டியும் இருக்கட்டும். சிகரத்தின்மேல் தொப்பிபோல் மேகம் கவிழ்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அது சியாட்டிலிலிருந்தே தெரியும்.

அடுத்தது வெயில். பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பு, தாடைக்கு அடி, காதுமடலின் பின்புறம் எல்லாம் சன்ஸ்கிரீன் பூசுங்கள். பக்கவாட்டிலும் மூடிய கறுப்புக்கண்ணாடி கட்டாயம். கண் வெந்தால் அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தத் தொடங்கும்.

முகாமில் குழாய் இல்லை, பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். வெறும் பாத்திரத்தில் பனியைக் கொட்டினால் அடி தீயும், தண்ணீரிலும் தீய்ந்த வாடை வரும். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைச் சேருங்கள். அடுப்பை டென்டுக்குள் பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. அவல் கொண்டுபோங்கள், வெந்நீர் ஊற்றினால் போதும், கேஸும் மிச்சம்.

தலைவலியோடு குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் இறங்குங்கள். ஆனால் கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்) மாட்டிய காலோடு சறுக்கி இறங்காதீர்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும்.

ஜூலைக் கடைசி நல்ல நேரம். லீவு கிடைக்காமல் செப்டம்பருக்குத் தள்ளினால் இந்தக் குறிப்புகள் போதாது. அதற்குள் பனிவெளி ஐஸாகிப் பிளவுகள் வாய் திறந்திருக்கும். பனியாற்றில் நடந்து பழகியவர் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.