மதிப்பெண் ஏறுகிறது, வேலை நடக்கவில்லையே!

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்று ரொம்ப நாளாகிறது. ஆனால் மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான். சோம்பேறி என்று அப்பா திட்டுகிறார். மொபைலில் மூளைப் பயிற்சி விளையாட்டு போட்டுக் கொடுத்தேன். அதில் மதிப்பெண் ஏறுகிறதே தவிர, வேறெதுவும் மாறவில்லை. தொடரலாமா?

பதில்: முதலில் இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். தம்பி சோம்பேறி இல்லை. கவனமும் நினைவும் திட்டமிடுதலும் தடுமாறுவது இந்த நோயிலேயே இருக்கிறது. பலருக்குக் குரல் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிடும். குரலை அடக்குகிற மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை.

மதிப்பெண் ஏறினால் அந்த விளையாட்டு கைக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். கவனம், நினைவு, திட்டமிடுதலைச் சீராக்க காக்னிட்டிவ் ரெமிடியேஷன் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. அதிலும் கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. ஆனால் பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். 2021-ல் 130 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். பயிற்சியாளர் கூடவே இருந்து, உத்திகளைக் கற்றுக்கொடுத்து, மறுவாழ்வுப் பயிற்சியோடும் இணைத்த இடங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

என்னிடம் வந்த ஓர் இளைஞர், திரையில் படங்களை வரிசைப்படுத்தும்போது அவசரப்பட்டுத் தொட்டுவிடுவார். “தொடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்றேன். “நீலம், வட்டம், அடுத்து சிவப்பு” என்று முணுமுணுக்க ஆரம்பித்தார், தப்பு குறைந்தது. உடனே கேட்டேன்: “இப்படிச் சொல்லிக்கொண்டே செய்தால் வீட்டில் எந்த வேலை சுலபமாகும்?” யோசித்துவிட்டு, “வாஷிங் மெஷின்” என்றார். சோப்புத்தூள் போட்டோமா இல்லையா என்று குழம்பிப் பாதியில் விட்டுவிடுவாராம். “துணி, தூள், மூடி, பட்டன்” என்று சொல்லிப் பழகினார். துவைப்பது அவர் பொறுப்பாயிற்று. ஆப் அந்தக் கேள்வியைக் கேட்காது. அதனால்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

விளையாட்டு தம்பிக்குப் பிடித்திருந்தால் இருக்கட்டும். மருத்துவரிடம் இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். வீட்டில் மூன்று வேலையை ஒரேயடியாகச் சொல்லாமல், ஒன்றைச் சொல்லி, அதைத் தம்பியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அடுத்தது. அப்புறம், மருந்துச் சீட்டில் கை நடுக்கத்துக்காக ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நினைவாற்றலை மந்தமாக்கக்கூடிய மாத்திரை அது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.